ஊரார் காத்த ஆடுகளம்

வரலாறு என்றவுடன் கோட்டையும் கொத்தளமும், முடியும் கொடியும், போர்க்களமும் வெற்றித்தூணுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. பாடப் புத்தகங்கள் நமக்குப் பழக்கிய காட்சிகள் அவை. ஆனால் சுவரும் கூரையும் இல்லாத வெறும் புல்வெளிக்கும் வரலாறு உண்டு. அரசர் சட்டம், பேராயர் பட்டயம், கடன்பட்ட நகரசபை, முயல் வளர்த்த வணிகர், நீதிமன்ற வழக்கு, பாராளுமன்றத் தீர்மானம் ஆகிய அனைத்தும் கலந்த ஒரு பெரிய வரலாற்றை மணலும் புல்லும் நிறைந்த ஒரு கடற்கரை வெளி தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. அவ்வெளி ஸ்காட்லாந்து நாட்டின் கிழக்குக் கரையில், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிற்றூரில் உள்ளது. உலகில் கோல்ப் ஆடுவோர் அனைவரும் தாயகமாகக் கருதும் களம் அது. 'ஓல்டு கோர்ஸ்' என்று அதனை வழங்குவர். நாம் 'பழைய களம்' என்று சொல்லலாம். பிரயாணத்தின்போது அக்களத்தில் ஒருநாள் ஆடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே கண்டதையும், அதன் பின்னே மறைந்துள்ள வரலாற்றையும் மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்விளையாட்டை அறியாதவர்க்கு ஒரு சொல். சிறிய பந்து ஒன்றைக் கோலால் அடித்து, தொலைவில் தோண்டிய குழியில் வீழ்த்த வேண்டும். அக்குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலமே. இவ்வாறு பதினெட்டுக் குழிகளை ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். எதிரி அடித்த பந்தைத் தடுக்கும் வேலை இதில் இல்லை. காற்றும் மேடும் பள்ளமும் தன் மனமுமே ஆடுவோனுக்கு எதிரிகள். கோல்ப் என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ்ச் செவிக்குக் 'கோல்' என்னும் சொல் நினைவுக்கு வரும். ஒலியொப்புமை இனிமையானதே, ஆயினும் உறவு ஒன்றும் இல்லை. தடியைக் குறிக்கும் டச்சுச் சொல் ஒன்றிலிருந்து அப்பெயர் பிறந்தது என்பது அறிஞர் பலர் கருத்து.

எடின்பரோ நகரிலிருந்து வடக்கே செல்லும் இரயில் வண்டி, 1890இல் திறக்கப்பெற்ற புகழ்மிக்க போர்த் பாலத்தைக் கடந்து, பைப் என்னும் மாவட்டத்துள் நுழைகிறது. செயின்ட் ஆண்ட்ரூசுக்கு இன்று இரயில் நிலையம் இல்லை. இருந்த இருப்புப்பாதை 1969இல் மூடப்பட்டுவிட்டது. லூகர்ஸ் என்னும் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் செல்ல வேண்டும். ஊரை நெருங்கும்போது முதலில் கண்ணில் படுபவை பழைய கோபுரங்கள். ஸ்காட்லாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் இங்கேதான் உள்ளது. அதற்குப் போப்பரசரின் ஆணை கிடைத்த ஆண்டு 1413. 1158இல் தொடங்கி, 1318இல் நிறைவுவிழாக் கண்ட பேராலயம் ஒன்றும் இங்கு உண்டு. 1559ஆம் ஆண்டின் சமயப் புரட்சிக்குப்பின் அது பாழடைந்தது. இப்போது சுவர்களும் வளைவுகளும் மட்டுமே கடற்காற்றில் நிற்கின்றன. பேராலயம் இடிந்தது, பேராயர் பதவியும் போயிற்று. அப்பேராயர் ஒருவர் எழுதிக்கொடுத்த உரிமை மட்டும் அழியாமல் நின்றது. அந்த உரிமையைப் பற்றியதே இப்பேச்சு.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கடலுக்கும் உழவு வயல்களுக்கும் நடுவே மணல் மேடுகள் நிறைந்த வெளி ஒன்று நீண்டு கிடக்கிறது. இத்தகைய நிலத்தை அந்நாட்டார் 'லிங்க்ஸ்' என்பர். கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணல் அது. அதில் கோதுமை விளையாது; மரம் தழைக்காது. குட்டையான, நெருக்கமான புல் மட்டும் வளரும். மழைநீர் தேங்காமல் உடனே வடிந்துவிடும். ஏருக்குப் பயன்படாத நிலமாதலின் ஊரார் அதில் ஆடு மேய்த்தனர், துணி உலர்த்தினர், முயல் பிடித்தனர், வில் பயின்றனர், பந்தும் அடித்தனர். நம் ஊர்களில் மந்தைவெளி என்று ஒன்று இருந்ததே, அதுபோன்றதுதான் இது. யாருக்கும் சொந்தமில்லாதது, ஆகவே எல்லாருக்கும் சொந்தமானது.

இவ்வாட்டத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று ஒரு தடைச்சட்டமாகும் என்பது வியப்பிற்குரியது. 1457இல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்துப் பாராளுமன்றம், கால்பந்தும் கோல்பும் ஆடலாகாது என்று ஆணையிட்டது. ஏன்? அண்டை நாடாகிய இங்கிலாந்தோடு ஓயாத பகை. இளைஞர் வில்வித்தை பயில வேண்டிய நேரத்தைப் பந்தடிப்பதில் கழித்தனர். மக்கள் கேட்கவில்லை போலும். 1471இலும் 1491இலும் அதே தடையை அடுத்த அரசர்கள் மீண்டும் விதித்தனர். ஒரு சட்டத்தை மூன்று முறை இயற்ற வேண்டியிருந்தது என்றால், முன்னிரண்டு முறையும் அது காற்றில் விடப்பட்டது என்பதே பொருள். வரலாறு பயிலும் மாணவர் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும். மக்கள் என்ன செய்தார்கள் என்பதை அரசாணைகள் நேரே சொல்வதில்லை. எதைத் தடுத்தார்கள் என்பதிலிருந்து நாம் அதனை உணர்ந்துகொள்ளலாம்.

1502இல் இங்கிலாந்தோடு சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. அதே ஆண்டில், தடைவிதித்த நான்காம் ஜேம்ஸ் அரசரே பெர்த் நகரத்து வில் செய்பவர் ஒருவரிடம் கோல்ப் கோல்களை விலைக்கு வாங்கினார் என்று அரண்மனைக் கணக்கேடு கூறுகிறது. வில்லுக்குப் பகை என்று கருதப்பட்ட ஆட்டத்திற்கு வில் செய்த கைகளே கோல் செய்து கொடுத்தன. ஆனால் அமைதி நீடிக்கவில்லை. அவ்வரசர் 1513இல் பிளாடன் போர்க்களத்தில் இங்கிலாந்துப் படையோடு பொருது மாண்டார்.

இனி, நான் முன்னே குறித்த உரிமைக்கு வருவோம். 1552இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் ஜான் ஹாமில்டன் என்பார், அக்கடற்கரை வெளியில் முயல் வளர்த்துக்கொள்ள விரும்பி, ஊராரின் இசைவைப் பெற்றார். அப்போது எழுந்த பட்டயம், ஊரார் அங்கே கோல்ப் ஆடவும், கால்பந்து ஆடவும், அம்பு எய்யவும், கால்நடை மேய்க்கவும் உள்ள உரிமையை ஒப்புக்கொண்டது. கவனியுங்கள்: பேராயர் அவ்வுரிமையைப் புதிதாக வழங்கவில்லை. வழிவழியாக இருந்ததை எழுத்தில் பதித்தார். அவ்வளவே. ஆயினும் எழுத்தில் பதிந்த அந்த ஒன்றே பின்வந்த தலைமுறைகளுக்குக் கேடயமாயிற்று. ஹாமில்டன் 1571இல் அரசியல் பகைவரால் தூக்கிலிடப்பட்டார். அவர் முத்திரையிட்ட உரிமையோ இன்றும் வாழ்கின்றது.

இத்தகைய களத்தில் அயல்நாட்டான் ஒருவன் எவ்வாறு ஆட முடியும்? பெரும்பாலும் குலுக்கலின் மூலமே. ஆட விரும்புவோர் இரண்டு நாள் முன்னதாகவே பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிற்பகலில் குலுக்கிப் பெயர்களை எடுக்கின்றனர். பழைய உத்தரமேரூரின் குடவோலை என் நினைவுக்கு வந்தது. இக்குலுக்கலில் பணக்காரனுக்கு முன்னுரிமை இல்லை; பதவிக்கும் முன்னுரிமை இல்லை. ஆடத் தெரியும் என்பதற்குச் சான்று காட்டினால் போதும். நீலகிரியில் சில ஆண்டுகள் ஆடிப் பழகிய சான்று என்னிடம் இருந்தது. முதல் நாள் என் பெயர் வரவில்லை; இரண்டாம் நாளும் வரவில்லை; மூன்றாம் நாள் மாலை வந்தது. நானும் என்னுடன் வந்த நண்பரும், கோல்களைச் சுமந்து வழிகாட்டும் முதியவர் ஒருவரும் குறித்த நாள் காலை களத்தின் தலைவாயிலில் நின்றோம்.

தலைவாயில் என்றேன், உண்மையில் அங்கே வாயிலும் இல்லை, மதிலும் இல்லை. ஊரின் தெரு முடியும் இடத்தில் களம் தொடங்குகிறது. எதிரே 1854இல் கட்டிய கல்மாளிகை ஒன்று நிற்கிறது. 1754இல் இருபத்திரண்டு செல்வர்கள் கூடி அமைத்த ஆட்டக் கழகத்தின் மாளிகை அது. 1834இல் நான்காம் வில்லியம் அரசர் அக்கழகத்திற்கு ஆதரவாளர் ஆனார்; அன்று முதல் அது 'ராயல் அண்டு ஏன்ஷியன்ட்' எனப் பெயர் பெற்றது. உலகெங்கும் இவ்வாட்டத்தின் விதிகளை வகுப்பதில் அக்கழகம் நெடுங்காலம் தலைமை தாங்கியது. 2004 முதல் அப்பணியைத் தனி அமைப்பு ஒன்று நடத்திவருகிறது. ஆயின் மாளிகைக்கு எதிரே உள்ள புல்வெளி கழகத்திற்குச் சொந்தமன்று. அது ஊருக்குச் சொந்தம். முதற்குழிக்கும் கடைசிக் குழிக்கும் உரிய வெளியின் குறுக்கே ஒரு பொதுப்பாதை செல்கிறது. நான் அடிக்கக் கோலை ஓங்கிய வேளையில், கைவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு தாய் அப்பாதையில் சென்றாள். வழிகாட்டி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அம்மையார் அவசரமின்றிக் கடந்து சென்ற பின்னரே நான் பந்தை அடித்தேன். கடற்கரைக்குச் செல்லும் ஊராரின் வழி அது. ஆட்டம் அதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

முதற்குழியின் முன்னே ஸ்வில்கன் என்னும் சிற்றோடை வளைந்து ஓடுகிறது. முற்காலத்தில் ஊர்ப் பெண்கள் இங்கே துணி துவைத்துப் புல்லின்மேல் உலர்த்துவர். அதனைக் கடந்தால் களம் நேரே வடமேற்காக ஈடன் ஆற்றின் கழிமுகம் வரை நீண்டு செல்கிறது. சென்ற வழியே திரும்பி ஊருக்கு வர வேண்டும். தூண்டில் முள்போல் வளைந்த வடிவம் அதற்கு.

கோல்ப் ஆட்டத்திற்கு ஏன் பதினெட்டுக் குழிகள் என்று பலர் கேட்பதுண்டு. அதற்கு விடை இக்களத்திலேயே இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், போகும்போது பதினொன்று, வரும்போது பதினொன்று என இருபத்திரண்டு குழிகள் ஆடினர். 1764இல், முதலில் உள்ள நான்கு மிகவும் குறுகியவை என்று கருதி அவற்றை இரண்டாகச் சேர்த்தனர். போகும் வழியில் இரண்டு குறைந்தது. அதே வழியில் திரும்புவதால் வருகையிலும் இரண்டு குறைந்தது. எஞ்சியது பதினெட்டு. ஓர் ஊரார் தம் வசதிக்காகச் செய்த இச்சிறு மாற்றம் நாளடைவில் உலகத்திற்கே விதியாயிற்று.

ஆடுவோர் தொகை பெருகியபோது, போவோரும் வருவோரும் ஒரே குழியில் மோதிக்கொள்ளாதபடி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பசுந்தரைகளை அகலமாக்கி ஒவ்வொன்றிலும் இரு குழிகள் வைத்தனர். இன்று இக்களத்தில் ஏழு இரட்டைத் தரைகள் உள்ளன. அவற்றில் ஓர் அழகிய கணக்கு அமைந்திருக்கிறது. இரண்டாம் குழியும் பதினாறாம் குழியும் ஒரே தரையில் உள்ளன. மூன்றும் பதினைந்தும் ஒரே தரை. எட்டும் பத்தும் ஒரே தரை. எந்த இணையை எடுத்துக் கூட்டினாலும் பதினெட்டே வரும். முதல், ஒன்பதாம், பதினேழாம், பதினெட்டாம் குழிகள் மட்டும் தனித்தனித் தரைகளில் நிற்கின்றன.

களமெங்கும் நூற்றுப்பன்னிரண்டு மணற்பள்ளங்கள் உள்ளன. அவற்றில் பலவற்றைத் திட்டமிட்டுத் தோண்டியவர் எவருமில்லை. குளிர்காற்றுக்கு அஞ்சிய ஆடுகள் மேட்டின் மறைவில் ஒதுங்கி ஒதுங்கிப் புல் தேய்ந்தது. முயல் வளை பறித்தது. காற்று மணலை வாரிச் சென்றது. பள்ளம் பிறந்தது. ஆடும் முயலும் காற்றுமே இக்களத்தின் சிற்பிகள் என்று சொல்வர். என் பந்து ஏழாம் குழியை நோக்கிச் செல்கையில் ஒரு பள்ளத்துள் வீழ்ந்தது. கண்ணுக்கு முன்னால் புல்வரிச் சுவர், தலைக்குமேல் வானம், வேறொன்றும் தெரியவில்லை. ஆடு ஒன்று நூற்றாண்டுகளுக்கு முன் தனக்கென அமைத்துக்கொண்ட அறையில் நான் விருந்தினனாக நின்றேன்.

முயல் என்றவுடன் இக்களத்தின் பெரும் ஆபத்தைச் சொல்ல வேண்டும். 1797இல் நகரசபை கடனில் மூழ்கிய நிலையில், ஊராரின் இந்த வெளியைத் தனியாரிடம் ஒப்படைத்துவிட்டது. 1799இல் அது டெம்ஸ்டர் என்னும் குடும்பத்து வணிகரின் கைக்கு மாறியது. அவர்கள் அங்கே வாணிகத்திற்காக முயல் வளர்த்தனர். முயல்கள் பெருகின; வளைகள் பெருகின; பந்து உருள வேண்டிய தரை பொத்தல் தரையாயிற்று. ஊரார் திரண்டனர். ஆடுவோர் பொருள் திரட்டி வழக்குத் தொடுத்தனர். வழக்கு எடின்பரோ நீதிமன்றத்தினின்றும் இலண்டன் பிரபுக்கள் சபை வரை ஏறியது. களத்திலோ முயலுக்கும் மனிதருக்கும், முயல் வளர்த்தோருக்கும் முயல் பிடித்தோருக்கும் ஓயாத சண்டை. 'முயற்போர்' என்று இன்றும் அவ்வூரார் நகைத்துப் பேசுகின்றனர். அன்று அது நகைப்புக்குரியதாக இல்லை. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய பட்டயத்தை எடுத்துக் காட்டி, இந்த நிலம் விற்கும் பொருளன்று என்று நிறுவ வேண்டிய நெருக்கடி அது. 1821இல் அருகிலுள்ள ஸ்ட்ராத்டைரம் பண்ணையின் தலைவரும் கோல்ப் அன்பருமான ஜேம்ஸ் சீப் நிலத்தை வாங்கி, ஆட்டத்திற்கே அதனைக் காத்தார். களம் பிழைத்தது.

கழிமுகத்தின் கரையில், களம் வளைந்து திரும்பும் இடத்தில் பதினொன்றாம் குழி உள்ளது. ஆற்றுநீரும் அப்பால் மணற்றிடல்களும் தெரியும் அழகிய இடம். ஆனால் காற்று நேரே முகத்தில் அறையும். 1921இல் அமெரிக்க நாட்டுப் பாபி ஜோன்ஸ் என்னும் பத்தொன்பது வயது இளைஞர், திறந்த போட்டியின் மூன்றாம் சுற்றில் இங்கே பொறுமையிழந்தார். பள்ளத்தில் வீழ்ந்த பந்தோடு போராடிப் போட்டியைக் கைவிட்டார். ஆனால் அவர் இக்களத்தை வெறுத்து ஓடிவிடவில்லை. அதன் இயல்பைக் கற்றுக்கொண்டு, 1927இல் திரும்பி வந்து இங்கேயே அப்போட்டியை வென்றார். 1930இல் தொழில்முறையல்லாதார் போட்டியையும் இங்கே வென்றார். 1958இல், நோயினால் நடக்கவும் இயலாத நிலையில் இருந்த அவரை, செயின்ட் ஆண்ட்ரூஸ் தன் நகர உரிமை வழங்கிச் சிறப்பித்தது. அப்பெருமையை அவருக்கு முன் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவரே. அது நிகழ்ந்தது 1759இல்.

இவ்வாட்டத்தின் பந்துக்கும் நம் நாட்டிற்கும் ஒரு தொடர்பு பேசப்படுகிறது. 1848க்கு முன் வழங்கியது இறகுப் பந்து. தொப்பி நிறையக் கொள்ளும் வாத்து இறகுகளை வேகவைத்துத் தோலுறையில் திணித்துத் தைப்பர். கைதேர்ந்தவனும் நாளொன்றுக்கு மூன்று நான்குக்கு மேல் செய்ய இயலாது. ஆகவே விலை மிகுதி. மழையில் நனைந்தால் கெட்டும் போகும். பின்னர் மலாய் நாட்டு மரப்பாலாகிய கட்டாபெர்ச்சாவினால் பந்து செய்தனர். வெந்நீரில் இளகி, ஆறியபின் இறுகும் இயல்புடையது அது. இதன் பிறப்பைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. 1840களில் கீழ்நாட்டிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூசில் வாழ்ந்த பாட்டர்சன் குடும்பத்தினருக்குத் திருமால் சிலை ஒன்று வந்ததாம். வழியில் உடையாதிருக்க அதனைச் சுற்றிக் கட்டாபெர்ச்சாத் துண்டுகளைத் திணித்திருந்தனராம். வீட்டுப்பிள்ளை அத்துண்டுகளைச் சேர்த்து உருட்டிப் பந்தாக்கி இக்களத்தில் அடித்துப் பார்த்தானாம். கதை எவ்வாறாயினும், புதிய பந்து வந்தது உண்மை. விலை மிகக் குறைந்ததும் உண்மை. செல்வர் கையில் மட்டும் இருந்த பந்து தச்சன் கைக்கும் நெசவாளி கைக்கும் வந்தது. நிலம் பொதுவாக இருந்தால் மட்டும் போதாது. கருவியும் எளியவனுக்கு எட்ட வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

புதிய பந்து இரு நண்பரைப் பிரித்தது. ஆலன் ராபர்ட்சன் அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர். இறகுப் பந்து செய்வதே அவர் குடும்பத் தொழில். தம் தொழிலுக்கு உலை வைக்கும் புதிய பந்தை அவர் வெறுத்தார். அவரிடம் தொழில் பயின்ற டாம் மாரிஸ் ஒருநாள் புதிய பந்தால் ஆடியதைக் கண்டு சினந்தார். இருவரும் பிரிந்தனர். மாரிஸ் 1851இல் பிரெஸ்ட்விக் என்னும் ஊருக்குச் சென்று களம் காக்கும் பணி ஏற்றார். ராபர்ட்சனும் காலப்போக்கில் புதிய பந்தை ஏற்றுக்கொண்டார். 1858இல் அவர் இப்பழைய களத்தை 79 அடிகளில் முடித்தார். எண்பதுக்குக் குறைந்து முடித்தவர் அவருக்கு முன் எவருமில்லை. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

1864இல் மாரிஸ் தம் சொந்த ஊருக்குக் களக்காப்பாளராகத் திரும்பினார். புல்லை வெட்டினார், மணலிட்டுத் தரையை உரப்படுத்தினார், பள்ளங்களைச் சீர்செய்தார். இன்று நாம் காணும் களத்தின் ஒழுங்கு பெரும்பாலும் அவர் கைப்பட்டது. அவர் நான்குமுறை திறந்த போட்டியை வென்றவர்; 1867இல் கடைசியாக வென்றபோது வயது நாற்பத்தாறு. அடுத்த ஆண்டே அவர் மகன் இளைய டாம் பதினேழு வயதில் அதே பட்டத்தை வென்றான். 1869, 1870 ஆண்டுகளிலும் தொடர்ந்து வென்றதால், வெற்றிச் சின்னமாகிய தோற்பட்டை அவனுக்கே சொந்தமாயிற்று. கொடுக்கப் பரிசில்லாமல் 1871இல் போட்டியே நடக்கவில்லை. 1872இல் மீண்டும் நடந்தது. மீண்டும் அவனே வென்றான்.

ஆனால் விதி கொடியது. 1875 செப்டம்பரில் தந்தையும் மகனும் நார்த் பெரிக் என்னும் ஊரில் ஆடிக்கொண்டிருந்தபோது, பேறுகாலத்தில் இருந்த இளையவன் மனைவி நோயுற்றாள் என்று தந்தி வந்தது. படகேறிக் கடற்கழியைக் கடந்து ஊர் சேர்வதற்குள் தாயும் சேயும் இறந்துவிட்டனர். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று இளைய டாமும் தன் இருபத்து நான்காம் வயதில் மறைந்தான். முதியவர் அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார், 1903 வரை இக்களத்தைக் காத்தார், 1908இல் காலமானார். பாழடைந்த பேராலயத்தின் கல்லறைவெளியில் மகனுக்கு ஒரு நினைவுக்கல் உள்ளது. குனிந்து பந்தை நோக்கி நிற்கும் இளைஞன் உருவம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. தந்தையும் அவ்விடத்திலேயே துயில்கின்றார்.

திரும்பும் வழியில் பதினான்காம் குழிக்குரிய பாதையில் 'நரகம்' என்னும் பெரும்பள்ளம் வாய் பிளந்து கிடக்கிறது. அதனைத் தப்பி வந்தால் பதினேழாவது காத்திருக்கிறது. உலகின் கடினமான குழிகளுள் ஒன்று என்று பெயர் பெற்ற அதன் நீளம், போட்டிக் காலத்தில் 495 கஜம். குழியின் இப்புறம் ஆழ்ந்த மணற்பள்ளம். அப்புறம் கல்பாவிய சாலையும் கற்சுவரும். 1978இல் ஜப்பானிய வீரர் நாகஜிமா இப்பள்ளத்தில் அகப்பட்டு, முன்னணியில் இருந்த இடத்தை இழந்தார். 2000இல் டைகர் வுட்ஸ் நான்கு நாளும் ஆடி, நூற்றுப்பன்னிரண்டு பள்ளங்களில் ஒன்றிலும் பந்து விழாமல் வென்றார் என்பது அவ்வூரார் சொல்லிச் சொல்லி மகிழும் செய்தி. பதினெட்டாம் குழிக்குச் செல்கையில் ஸ்வில்கன் ஓடையின்மேல் ஒரு சிறு கற்பாலம். அரசர்க்கும் வீரர்க்கும் கட்டியதன்று அது. ஆடுமாடுகளை ஓட்டிச் செல்ல இடையர்க்கெனக் கட்டியது என்பர். புகழ்பெற்ற ஆட்டக்காரர் பலர் விடைபெறும்போது நின்று கையசைப்பது அவ்விடையர் பாலத்தின் மேல்தான்.

பொது நிலம் என்று புகழ்ந்தேன். ஆயினும் ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. களத்தில் ஆடும் உரிமை வேறு. கழகத்தில் உறுப்பினராகும் உரிமை வேறு. 1867இல் பெண்கள் தமக்கெனத் தனிக் கழகம் அமைத்தனர். களத்தின் ஓரத்தில் மேடும் பள்ளமுமான ஒரு சிறு தரையில் பந்தை உருட்டி ஆடினர். இன்று அத்தரையின் பெயர் 'இமயமலை'! நான் பார்த்தபோது பாட்டிமாரும் பேரக்குழந்தைகளும் அங்கே சிரித்து ஆடிக்கொண்டிருந்தனர். 2007இல்தான் பெண்களின் திறந்த போட்டி முதன்முதலாகப் பழைய களத்தில் நிகழ்ந்தது. மெக்சிகோ நாட்டு லொரேனா ஒச்சோவா வென்றார். 1754இல் தோன்றிய கழகம் பெண்களை உறுப்பினராக்க இசைந்தது 2014 செப்டம்பரில். இருநூற்றறுபது ஆண்டுகள்! நிலத்தின் கதவு திறந்திருக்கையில் மாளிகையின் கதவு அத்துணைக் காலம் மூடிக் கிடந்தது.

நிலத்தின் கதை எவ்வாறு முடிந்தது? 1893இல் சீப் குடும்பத்தாரிடமிருந்து அந்நிலத்தைக் கழகம் வாங்கியது. ஊரார் சும்மா இருக்கவில்லை. 1894இல் பாராளுமன்றம் ஒரு தனிச்சட்டம் இயற்ற, நிலம் நகரசபையின் உடைமையாயிற்று. உள்ளூர் ஆட்சிமுறை மாறி, பழைய நகரசபை மறைய இருந்த வேளையில் மீண்டும் ஓர் அச்சம் எழுந்தது. 1974இல் மற்றொரு சட்டத்தினால், களத்தைப் பொதுமக்களுக்காகக் காக்கும் அறக்கட்டளை ஒன்று அமைந்தது. இன்று அவ்வறக்கட்டளையின் கீழ் ஏழு களங்கள் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய களத்தில் பொதுவாக ஆட்டம் இல்லை. அன்று புல்லுக்கும் ஓய்வு. 2022இல் நூற்றைம்பதாம் திறந்த போட்டியைக் காண உலகம் திரண்ட அதே தரையில், ஞாயிறு மாலை ஊரார் நாயை அழைத்துக்கொண்டு உலவுகின்றனர். பிள்ளைகள் மணற்பள்ளத்தில் குதித்து விளையாடுகின்றனர். அவர்களை 'யார் நீ' என்று கேட்பார் இல்லை.

நம் நாட்டில் கோல்ப் என்றால் வேலியும் காவலும் செல்வரும் நினைவுக்கு வருவது இயல்பே. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைமையான கோல்ப் கழகம் 1829இல் கல்கத்தாவில் எழுந்தது. அது ஆளவந்தவர்களின் கழகமாகவே தொடங்கியது. ஆனால் அவ்வாட்டத்தின் தாய்மண்ணில் நிலம் மீனவனுக்கும் மாணவனுக்கும் பொதுவானது. இந்த வேறுபாட்டை ஆட்டத்தின் விதிகள் உண்டாக்கவில்லை. நிலத்தின் உரிமையே உண்டாக்கியது.

மாணவ நண்பர்களே, மூன்று சட்டங்கள் தடுத்தும் நிற்காத ஒரு வழக்கம், ஒரு பட்டயத்தால் எழுத்தேறியது. எழுத்தேறியதால் வழக்கு மன்றத்தில் நிற்க முடிந்தது. நின்றதால் சட்டமாயிற்று. வழக்கம், ஆவணம், விடாமுயற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு மந்தைவெளியை உலகத்தின் திருத்தலமாக்கின. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அங்கே இன்று முயற்பண்ணையோ மாளிகை வரிசையோ இருந்திருக்கும். நம் ஊர்களிலும் மந்தைவெளிகள் இருந்தன, ஏரிக்கரைகள் இருந்தன, பிள்ளைகள் ஓடி ஆடிய மைதானங்கள் இருந்தன. அவற்றுள் எவை எஞ்சியுள்ளன, எவை போயின, போனவை யார் கைக்குப் போயின என்று உங்கள் ஊர்ப் பழைய பதிவேடுகளைத் தேடிப் பாருங்கள். முதியோரைக் கேட்டுப் பாருங்கள். அத்தேடலும் வரலாற்றுக் கல்வியே. எஞ்சிய ஒரு சிறு வெளியையேனும் எழுத்தில் பதித்துக் காத்தால், இன்னும் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அங்கே ஆடப்போகும் குழந்தைகள் உங்கள் பெயரை அறியாவிட்டாலும், நீங்கள் காத்த புல்லின்மேல் ஓடுவார்கள்.